ஊர் வேலைக்கு இது போதும்

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னிவாடியில் ஒரு காய்கறிக் கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், விவசாயிகளுக்குப் போட்ட சிட்டைகளில் சிலவற்றைத் தொலைத்தது. கணக்கில் பணம் குறைந்தது. குறைந்த பணத்தை அங்கே கணக்கு எழுதும் அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். தொலைத்தது என் புரோகிராம்தான் என்று தெரிந்த பிறகும் நான் வெகுநாள் வாய் திறக்கவில்லை.

தொழிலில் இருப்பவர்களிடம் சொன்னால், "ஃபார்ஈச்சுக்குள்ள அவெய்ட் போட்டியா?" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவ்வளவு சாதாரணமான பிழை. முதல் வருஷம் வேலைக்கு வந்த பையன் செய்வான், மூத்தவர் ஒருவர் திருத்துவார், முடிந்தது. நான் முதல் வருஷத்துப் பையன் இல்லை. எனக்கு அந்தப் பிழை தெரியும். அதைப் பற்றி அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

கன்னிவாடி திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. பாளையக்காரர் காலத்தில் பேர்போன ஊர். இப்போது பத்திரிகையில் பேர் வருவது பெரும்பாலும் கன்னிவாடி வனச்சரகத்தில் யானை இறங்கிய செய்தியில்தான். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் 2020 ஊரடங்கில் லேப்டாப்போடு வீடு வந்து சேர்ந்தேன். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை; அதே வேலையை வீட்டிலிருந்தே பார்த்தேன். ஊரில் எனக்கு ஒரு மரியாதை வளர்ந்தது. யாருக்காவது போன் மக்கர் பண்ணினால்கூட என்னிடம் வருவார்கள். கம்ப்யூட்டரையே இந்தப் பக்கத்துக்கு நான்தான் இறக்கிவைத்ததுபோல நடந்துகொண்டேன். 2004 அக்டோபரிலேயே இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க செம்பட்டியையும், திருவையாற்றையும், தங்கச்சிமடத்தையும் செயற்கைக்கோள் வழியே இணைத்துக் கிராம வள மையங்களைத் தொடங்கிவிட்டன. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

கமிஷன் கடைக்காரர் எனக்கு முறைக்கு மாமா. முருங்கை, பீன்ஸ், தக்காளி, ஆடலூர் பன்றிமலைப் பக்கத்திலிருந்து இறங்கும் சௌசௌ எல்லாம் அங்கே வரும். மூட்டையைத் தராசில் ஏற்றி, கழிவைத் தள்ளி, விலை போட்டு, கமிஷனும் இறக்குக்கூலியும் பிடித்து, விவசாயிக்குக் கையில் கொஞ்சம் முன்பணம், பாக்கி வாரக் கடைசியில். கணக்கு அண்ணன் இதையெல்லாம் கார்பன் தாள் வைத்துச் சிட்டையாக எழுதுவார். மேல்தாள் விவசாயிக்கு, அடித்தாள் கடைக்கு. வரத்து அதிகமான நாளில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து அடித்தாள்களைக் கூட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது பழங்காலமாகப் பட்டது. "நான் ஒரு புரோகிராம் போட்டுத் தர்றேன் மாமா, காசெல்லாம் வேணாம்" என்றேன். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் கார்பன் தாளை நிறுத்தச் சொன்னவனும் நான்தான். தாள் வீண் என்றேன். அடித்தாள் இருந்திருந்தால் காட்டுவதற்கு அண்ணனிடம் ஒரு சாட்சி இருந்திருக்கும்.

புரோகிராமை டைப்ஸ்கிரிப்டில் எழுதினேன். இணையப் பக்கங்களை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் 1995 மே மாதம் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் எழுதியது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தாலும் கேள்வி கேட்காமல் ஓடும். டர்போ பாஸ்கலையும் சி ஷார்ப்பையும் உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், மைக்ரோசாஃப்டில் ஜாவாஸ்கிரிப்டின்மேல் ஓர் அடுக்கைக் கட்டினார். 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் வெளியிட்டார்கள். எடை என்றால் எண், பெயர் என்றால் எழுத்து என்று முன்கூட்டியே வகை எழுதிவைத்துவிட்டால், பொருந்தாத இடத்தில் ஓடுவதற்கு முன்பே சிவப்புக்கோடு போடும். பெரிய உதவி. ஒன்றை மட்டும் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த வகைகள் எழுதும்போது மட்டுமே இருப்பவை. கம்பைலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய ஜாவாஸ்கிரிப்டாகத்தான் வெளியே அனுப்புகிறது. கடையில் ஓடுவது அதுதான்.

அடுத்தது காத்திருக்கும் விஷயம். ஜாவாஸ்கிரிப்ட் ஒற்றை ஆளாக வேலை செய்வது. சர்வருக்கு ஒரு சிட்டையை அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை அப்படியே நின்றால் திரை உறைந்துவிடும். அடுத்த விவசாயிக்கு எடை போட முடியாது. அதனால் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், பதில் வந்தபின் விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். முன்பெல்லாம் திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக எழுதுவோம். நாலு படி உள்ளே போனால் எழுதியவனுக்கே புரியாது. கணினி அறிஞர்கள் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் பிராமிஸ் என்ற பெயரில் இதற்கு நேர்த்தியான வழி சொன்னார்கள். ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் அது வந்து சேர 2015 ஆனது. இரண்டு வருஷம் கழித்து ஏசிங்க், அவெய்ட் என்ற இரண்டு சொற்களும் தரத்தில் சேர்ந்தன. அதன்பிறகு காத்திருக்கும் வேலையையும் மேலிருந்து கீழே சாதாரணமாக வாசிக்கிற மாதிரி எழுத முடிந்தது.

பிராமிஸ் என்பது கமிஷன் கடைச் சிட்டைதான். சரக்கை இறக்கியதும் கையில் ஒரு தாள் தருகிறார்கள். இன்ன எடை, இன்ன விலை, இவ்வளவு பாக்கி என்று அதில் ஒழுங்காக இருக்கும். பணம் இருக்காது. பணம் வந்த பிறகுதான் அடுத்த காரியம் என்று உட்கார்ந்திருந்தால் அது அவெய்ட். தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பணம் வந்துவிட்டதாகவே வைத்துக் கடன்காரனுக்குச் சொல்லிவிட்டால் அது நான் எழுதிய புரோகிராம். டைப்ஸ்கிரிப்ட் அந்தத் தாளின் வடிவத்தைத்தான் சரிபார்க்கிறது. பணம் வாங்கப் போனாயா என்று கேட்பது அதன் வேலை இல்லை. பணம் வராமல் போனால் என்ன காரணத்தால் வராது என்பதற்கும் அந்தத் தாளில் கட்டம் கிடையாது: இன்ன வகைப் பொருள் கிடைக்கும் என்று பிராமிஸின் வகையில் எழுதலாம், இன்ன வகைப் பிழை வரலாம் என்று எழுத இடமே இல்லை.

நான் எழுதியது இதுதான். கடை முடிந்ததும் அண்ணன் "நாள் முடி" என்ற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கியதும் அன்றைய சிட்டைகளை ஃபார்ஈச் என்ற சுற்றில் ஒவ்வொன்றாக எடுத்து சர்வருக்கு அனுப்பும். சுற்றுக்குள்ளே ஏசிங்க் போட்டு, அவெய்ட்டும் போட்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே கொடுத்த ஃபங்ஷன் என்ன திருப்பிக் கொடுத்தாலும் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லாச் சிட்டையும் ஒரே மூச்சில் கிளம்பும். ஒன்றுகூட போய்ச் சேர்வதற்குள் சுற்று முடிந்துவிடும். அடுத்த வரி, கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற சிட்டைகளை அழிப்பது. அதற்கடுத்த வரி, பச்சை நிறத்தில் "முடிந்தது" என்று காட்டுவது.

சிக்னல் நன்றாக இருக்கிற நாளில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். மலையடிவாரத்தில் மழை பெய்தால், கரண்ட் போய் டவர் தள்ளாடினால், சில சிட்டைகள் வழியில் விழும். விழுந்தால் பிழை வரும், அந்தப் பிழையைப் பிடிக்க கேட்ச் என்ற பகுதியும் வைத்திருந்தேன். அது காலியாக இருந்தது. மறதியால் காலியாக இல்லை. ஆரம்பத்தில் அங்கே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டத்தான் செய்தேன். சிக்னல் விட்டால் எச்சரிக்கை வரும், வந்தால் மாமா எனக்குப் போன் போடுவார். பெங்களூர் மீட்டிங் நடுவே போன் வந்தால் எனக்கு எரிச்சல். ஒரு நாள் எச்சரிக்கை வரிகளை அழித்துவிட்டு, "பிறகு பார்க்கலாம்" என்று கமெண்ட் எழுதி வைத்தேன். போன் வருவது நின்றது.

டைப்ஸ்கிரிப்ட் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். ஃபார்ஈச் எதிர்பார்ப்பது எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன். அந்த இடத்தில் எதையாவது திருப்பித் தருகிற ஃபங்ஷனைக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று அனுமதிப்பது அந்த மொழியில் வேண்டுமென்றே எடுத்த முடிவு. இல்லாவிட்டால் அன்றாடம் எழுதுகிற சின்னச் சின்ன வரிகளுக்கெல்லாம் சண்டைக்கு வரும். அந்த வாசல் வழியாகப் பிராமிஸும் நுழைந்துவிடுகிறது. சில ஓட்டைகளை அவர்கள் பின்னால் அடைத்தார்கள். 2021-ல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, ஓர் இஃப் நிபந்தனைக்குள் அவெய்ட் இல்லாமல் பிராமிஸை வைத்தால் எச்சரிக்கும். ஃபார்ஈச் வாசல் திறந்தேதான் இருக்கிறது. அதற்குக் காவல் வைக்க இஎஸ்லின்ட் என்ற தனிக்கருவியில் விதிகள் உண்டு: கேட்பாரற்று விடப்பட்ட பிராமிஸைப் பிடிப்பது ஒன்று, பிராமிஸைத் தவறான இடத்தில் கொடுப்பதைப் பிடிப்பது இன்னொன்று.

அந்த விதிகள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. அவை என்னை எச்சரித்தன. அந்தக் கோப்பைத் திறந்தபோது சரியாக அந்த வரியின் கீழ் கோடு விழுந்தது. நான் கோப்பின் தலையில் ஒரு வரி எழுதி விதியை அணைத்தேன்.

ஒப்புக்கொள்ள எனக்கு மிகவும் கஷ்டமான இடம் இதுதான். பெங்களூர் கம்பெனிக்கு எழுதுகிற எந்தக் கோப்பிலும் நான் அந்த விதியை அணைத்தது கிடையாது. அணைத்தால் மறுநாள் காலை நான் எழுதியதைச் சரிபார்ப்பவர் கேட்பார். கேட்ச் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவார். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒழுங்காக எழுதினேன். கமிஷன் கடையில் யார் கேட்கப் போகிறார்கள்? மாமாவுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது. காசு வாங்காத வேலை வேறு. "ஊர் வேலைக்கு இது போதும்" என்று நினைத்தேன். வார்த்தை மாறாமல் அப்படியே நினைத்தேன். என் நேர்மை எவ்வளவு தூரம் போகும் என்றால், என்னைச் சோதிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிவரைக்கும்.

குறைவு வரத் தொடங்கியது. ஒரு வாரம் எண்ணூறு, ஒரு வாரம் ரெண்டாயிரம். காலையில் மாமா கட்டு எண்ணிக் கொடுப்பார். முன்பணம் போக மீந்த பணத்தை இரவு தன் போனில் வரும் மொத்தத்தோடு ஒப்பிடுவார். சிட்டை தொலைந்தால் கொடுத்த முன்பணத்துக்குக் கணக்கு இருக்காது. பணம் போயிருக்கும், பெயர் இருக்காது.

அண்ணன் என்னிடம் வந்தார். "அமுக்குறதுக்கு முன்னாடி கூட்டுனா சரியா இருக்கு தம்பி. அமுக்குன பெறகு பாத்தா மாறுது. சிட்டை நம்பரும் விட்டு விட்டு வருது. மழ வர்ற அன்னிக்குத்தான் அதிகமா இருக்கு" என்றார். விட்டுப்போன எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தார்.

எத்தனையோ பிழை அறிக்கைகள் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான ஒன்றை எந்த இன்ஜினியரும் எனக்கு எழுதியதில்லை. எப்போது நடக்கிறது, எதற்குமுன் எதற்குப்பின், எந்த எண்கள், எந்தச் சூழ்நிலையில் எல்லாம் சொல்லிவிட்டார். கோப்பைத் திறந்து பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நான் திறக்கவில்லை. "கம்பைல் ஆகி எல்லாம் சுத்தமா இருக்குண்ணே. ஸ்ட்ரிக்ட் மோடுல எழுதிருக்கேன். தப்பு வர வாய்ப்பே இல்ல" என்றேன். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. புரியாது என்று தெரிந்துதான் அந்த வார்த்தைகளைச் சொன்னேன்.

பிறகு மாமா கேட்டார், அண்ணனும் பக்கத்தில் இருந்தார். "நம்பர் ஏன்ப்பா விடுது?" நான் சொன்ன பதில்: "சிட்டையை டெலிட் பண்ணுனாத்தான் மாமா நம்பர் விடும்."

பொய் என்று சொல்ல முடியாது. தப்பாகப் போட்ட சிட்டையை அழிக்க ஒரு பட்டன் வைத்திருந்தேன், அழித்தால் எண் விடும். ஆனால் அழிக்கக்கூடியவர் அந்தக் கடையில் ஒருவர்தான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தராசுப் பக்கம் போய்விட்டார். அந்த மாதத்திலிருந்து சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

இதே மாதிரி ஒன்று பெரிய அளவில் பிரிட்டனில் நடந்திருக்கிறது. அங்கே அஞ்சல் அலுவலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் வந்தது. கிளை நடத்துகிறவர்களின் கணக்கில் இல்லாத குறைவைக் காட்டியது. மென்பொருள் சரி, ஆள்தான் சரியில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2015 வரைக்கும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எதிர்ச்சான்று இல்லாதவரை கணினி சரியாகத்தான் வேலை செய்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்படி சட்டம் மாறியதும் அங்கே அதே 1999-ல்தான். இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ராவுக்கு 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறை விதித்தபோது அவர் எட்டு வாரக் கர்ப்பிணி. 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை ரத்து செய்தது. இந்தக் கதையை 2024 தொடக்கத்தில் தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார்கள். நான் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், கோபப்பட்டேன். உதவி கேட்டுப் போன் செய்தவர்களிடம் "உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது" என்று சொன்னார்களாம். அண்ணனிடம் நானும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருந்தேன். என் புரோகிராமை உலகத்திலேயே பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தொடரைப் பார்த்த நாட்களில் அண்ணன் சம்பளத்தில் பிடித்தம் நடந்துகொண்டுதான் இருந்தது.

கசவனம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் பாக்கிப் பணம் கேட்டுப் பழைய சிட்டையோடு வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. கம்ப்யூட்டரில் அப்படி ஒரு சிட்டையே இல்லை. தாளில் என் புரோகிராம் அடித்த எண், தேதி, முருங்கை எடை எல்லாம் இருந்தது. மாமா தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அழித்த சிட்டை என்றால் அழித்ததற்கான பதிவு சர்வரில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவை நானே எழுதிவைத்திருந்தேன். அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்தேன். அந்த எண் அதில் இல்லை. அண்ணன் நோட்டில் இருந்த மற்ற எண்களும் இருக்கப்போவதில்லை என்று பார்க்காமலே தெரிந்தது. கோப்பைத் திறந்தேன். தலையில் நான் அணைத்த விதி, நடுவில் ஃபார்ஈச், கீழே காலி கேட்ச்.

அன்றிரவே திருத்தினேன். திருத்தம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஃபார்ஈச்சை எடுத்துவிட்டு, எல்லா அனுப்புதலுக்கும் காத்திருந்து ஒவ்வொன்றும் வென்றதா தோற்றதா என்று தனித்தனியாகச் சொல்கிற ஆல்செட்டில்ட் முறையைப் போட்டேன். 2020 தரத்திலேயே அது வந்துவிட்டது. சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன சிட்டையை மட்டும் அழிக்கச் சொன்னேன். மற்றது கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இதில் இன்னொரு கண்ணி உண்டு. சிட்டை போய்ச் சேர்ந்து, சேர்ந்துவிட்டது என்ற பதில் மட்டும் வழியில் விழுந்தால், மறுபடி அனுப்பும்போது ஒரே சிட்டை இரண்டு முறை ஏறிவிடும். அதனால் சிட்டை பிறக்கும்போதே அதற்கென்று ஓர் அடையாளத்தைக் கொடுத்து, அதே அடையாளம் திரும்ப வந்தால் சர்வர் சேர்க்காதபடி செய்தேன். விதியைத் திரும்ப உயிர்ப்பித்தேன். கோப்பு முழுக்கக் கோடுகள் விழுந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தேன். பிரமாதமான வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் மாமாவிடம் "நெட்வொர்க் பிரச்சினை மாமா, ஒரு அப்டேட் போட்டுட்டேன், இனிமே வராது" என்றேன். டவர்மேல் பழி போட்டால் டவர் வந்து கேட்கப்போவதில்லை. விவசாயிக்கு மாமா பாக்கியைக் கொடுத்துவிட்டார். பிடித்த சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தீபாவளி வந்தது. பிடித்தம் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டு, அதற்கு மேலேயே ஒரு தொகையைக் கவரில் வைத்து "பிள்ளைகளுக்குத் துணி எடுங்கண்ணே" என்று அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்குச் சேர வேண்டிய பணத்தை என் தாராளமாக்கிக் கொடுத்தேன். அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அதிரசம் வந்தது. சாப்பிட்டேன்.

எங்கள் தொழிலில் தவறை ஒப்புக்கொள்வதற்கென்றே ஒரு மேடை மரபு இருக்கிறது. எதையும் சுட்டாத வெற்றுக் குறிப்பை 1965-ல் ஒரு கணினி மொழியில் சேர்த்தது தன் பில்லியன் டாலர் தவறு என்று கணினி அறிஞர் டோனி ஹோர் 2009-ல் லண்டனில் பேசினார். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுகிற நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால் 2018-ல் பெர்லினில், அதைப் பற்றித் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்ற தலைப்பில் பேசினார். 2009 ஜூனில் அதில் பிராமிஸைச் சேர்த்துவிட்டு 2010 பிப்ரவரியில் எடுத்தெறிந்தது அவற்றில் ஒன்று. அது இருந்திருந்தால் ஏசிங்க், அவெய்ட் எல்லாம் சீக்கிரமே வந்திருக்கும் என்றார். நல்ல பேச்சு. நானும் அந்த மாதிரி ஓர் உரை தயாரித்தேன். சொல்லவே கூசுகிறது. கம்பெனிக்குள் நடந்த ஒரு கூட்டத்தில், "தொலைந்த சிட்டைகள்: கேட்பாரற்ற பிராமிஸ் பற்றி ஒரு பாடம்" என்று திரையில் படம் போட்டுக் கன்னிவாடிக் கதையைச் சொன்னேன். மழை, டவர், முருங்கை எல்லாம் வந்தது, சிரித்தார்கள், கைதட்டினார்கள். சம்பளப் பிடித்தம் வரவில்லை. அண்ணனே வரவில்லை, "பயனர்" என்று ஒருவர் வந்தார்.

கன்னிவாடியில் சொல்வதற்குமுன் பெங்களூரில் சொன்னேன் என்றால் காரணம் எளிது. அங்கே சொன்னால் என் மதிப்பு ஏறும்.

கடைசியில் சொல்லவைத்தது மனசாட்சி என்றால் அதுவும் கூடுதல். அண்ணன் ஒட்டன்சத்திரத்தில் பெரிய கமிஷன் கடை ஒன்றில் வேலைக்குக் கேட்டிருந்தார். சம்பளம் கூட. அந்தக் கடைக்காரர் மாமாவிடம் விசாரித்திருக்கிறார். மாமா எனக்கு அதைப் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஆளு தங்கமான ஆளுதான், கணக்குல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொன்னேன்ப்பா. நாமளும் பொய் சொல்லக் கூடாதுல்ல." அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு மாலை கடையில் இருவரையும் வைத்துச் சொன்னேன். விதியை அணைத்தது, கேட்சைக் காலி செய்தது, டெலிட் என்று சொன்னது, டவர் என்று சொன்னது, கவரில் கொடுத்தது எந்தப் பணம் என்பது எல்லாம். மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் "சரி விடு, பழைய கதை" என்றார், அவருக்குச் சங்கடம். அண்ணன், "எப்ப தெரியும் தம்பி ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். விவசாயி சிட்டையோடு வந்த அன்றைக்கே என்றேன். அதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம், நீங்கள் நோட்டோடு வந்த அன்றைக்கே, என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நல்லது. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

அவர் கேட்டது வேறு. மாமாவின் பேரேட்டில் அந்த மாதங்களுக்கு நேரே அவர் பேர் போட்டுச் "குறைவு" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அதை அடித்துத் திருத்த வேண்டும். மாமா தயங்கினார்: ஆடிட்டர் முடித்துக் கையெழுத்துப் போட்ட வருஷம், அதில் கைவைக்க முடியாது. கொஞ்ச நேரம் பேசி, நான் ஒரு தாள் எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. இன்ன எண்ணுள்ள சிட்டைகள் புரோகிராம் பிழையால் தொலைந்தன, கணக்கு எழுதியவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி, சர்வர் பதிவுகளிலிருந்து நான் கண்டெடுத்த எண்களைத் தேதிவாரியாகப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டேன். ஒன்று பேரேட்டுக்குள் வைக்க, ஒன்று ஒட்டன்சத்திரத்துக் கடையில் காட்ட என்று அண்ணன் இரண்டு பிரதி கேட்டார்.

கொடுத்த தாளை அவர் உடனே வாங்கி மடிக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இதுல ஒண்ணு கொறையுது தம்பி" என்றார். பார்த்தேன். அவர் நோட்டில் இருந்தது, என் பட்டியலில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்த்து, மறுபடி இரண்டு பிரதி எடுத்து வந்து கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதையும் முதலிலிருந்து சரிபார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.